ராஞ்சியில் பெல்ஜியம் பாதிரியார்கள்

வேலை மாற்றலாகி ராஞ்சிக்கு வரும் நம்மூர்க்காரர்கள் இரண்டு மூன்று வருடம் வாடகை கொடுத்துச் சலித்துப்போய் மனை தேட ஆரம்பிப்பார்கள். அப்போது காதில் விழும் முதல் வார்த்தை 'சி.என்.டி.' நல்ல இடமாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். "இது சி.என்.டி. நிலம் சார், உங்க பேர்ல எழுத முடியாது" என்று யாராவது விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம், 1908 என்பதன் சுருக்கம்தான் அது. பழங்குடி விவசாயியின் நிலத்தை அதே போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் வசிக்கும் இன்னொரு பழங்குடியினருக்குத்தான் விற்கலாம், அதற்கும் டெபுடி கமிஷனரின் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 46-ஆம் பிரிவு.

இங்கே நம்மவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கியமும் உண்டு. "வெள்ளைக்காரப் பாதிரிகள் வந்து அரிசியும் பால் பவுடரும் கொடுத்து எல்லாரையும் மாத்திட்டாங்க."

இந்த இரண்டு விஷயங்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் கிறிஸ்தவன் இல்லை, மதம் மாறுவதை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதவும் வரவில்லை. பிழைக்க வந்த ஊரின் கதையைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா, அதற்காகத்தான்.

காட்டை வெட்டியவன் நிலம்

சோட்டா நாக்பூர் என்பது இன்றைய ஜார்க்கண்டின் மேட்டு நிலம். முண்டா, உராவ், காடியா, ஹோ என்று பல பழங்குடிகள். இதில் உராவ் மக்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழுக்கு உறவு முறை. பல்லுக்கு அவர்களும் 'பல்' என்றுதான் சொல்கிறார்கள். 'நீ' என்பதற்கு 'நீன்'. முதன்முதலில் தெரிந்துகொள்ளும் எந்தத் தமிழருக்கும் ஒரு சிலிர்ப்பு வரும்.

முண்டாக்களின் நில முறைக்கு 'கூண்ட்கட்டி' என்று பெயர். எந்தக் குலம் முதலில் காட்டை வெட்டி ஊர் அமைத்ததோ, அந்தக் குலத்துக்கே ஊர் நிலம் சொந்தம். தனி ஆள் விற்க முடியாது. இதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது. ஊர் ஓரத்தில் முன்னோர்களைப் புதைத்த இடத்தில் கிடத்தியிருக்கும் பெரிய கல் பலகைகள்தான் ஆதாரம். 'சசன்திரி' என்பார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா இருக்கிறார், ஆகவே ஊர் எங்களுடையது. அவ்வளவுதான் வாதம்.

ஆங்கிலேயர் கோர்ட்டில் கல் எடுபடவில்லை. காகிதம் கேட்டார்கள். காகிதம் வைத்திருந்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் டேக்கேதார்களும் வட்டிக்காரர்களும். வரி ஏறியது. வெட்டி வேலை (இங்கே 'பேட் பேகாரி') கூடியது. ஜமீன்தாரின் வயலை உழ வேண்டும், மூட்டை சுமக்க வேண்டும், கூலி கிடையாது. இப்படி வந்தவர்களுக்கெல்லாம் பழங்குடிகள் வைத்த பொதுப் பெயர் 'திக்கு'. அந்நியன் என்று அர்த்தம், சுரண்டுபவன் என்ற தொனியும் உண்டு. சொல்லப்போனால் நீங்களும் நானும்கூட இங்கே திக்குதான்.

குதிரையில் வந்த சாமியார்

முதலில் இங்கு வந்த மிஷனரிகள் கத்தோலிக்கர்கள் இல்லை. 1845-ல் ஜெர்மனியிலிருந்து வந்த காஸ்னர் லூத்தரன் மிஷன்காரர்கள். கத்தோலிக்கத் தரப்பில் வந்தது சேசு சபை. நம் வீரமாமுனிவர், அருளானந்தர் எல்லாம் இருந்த அதே சபை. வங்காள மிஷனை 1859-ல் பெல்ஜியம் நாட்டுச் சேசு சபையினர் ஏற்றுக்கொண்டார்கள். சோட்டா நாக்பூர் அப்போது வங்காளத்தோடு சேர்ந்திருந்தது.

இந்தச் சபையிலிருந்து 1885-ல் ராஞ்சியை ஒட்டிய டொரண்டாவுக்கு வந்தவர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ். பெல்ஜியத்தின் மூர்ஸ்லேட் என்ற ஊரில் 1856-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். வந்த கொஞ்ச நாளிலேயே இன்றைய கூண்டி மாவட்டத்தில் இருக்கும் தோர்பாவுக்குப் போய்விட்டார். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். மொழிகளைக் கற்றார்.

மக்கள் அவரிடம் கேட்டது மோட்சத்துக்கு வழி அல்ல, நிலத்துக்கு வழி. சட்டப்படி எவ்வளவு வாரம் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் வேலை செய்ய வேண்டும், ரசீது கொடுக்காத ஜமீன்தாரை என்ன செய்வது? லீவன்ஸ் உட்கார்ந்து குத்தகைச் சட்டங்களைப் படித்தார். முண்டாக்களின் வழக்கங்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வழக்கு போட, மனு எழுத, கோர்ட்டில் ஏமாறாமல் இருக்க உதவினார். கோர்ட்டில் இருந்த வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் முண்டாரி தெரியாது. கூண்டில் நின்ற முண்டாவுக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவில் நின்று விஷயத்தைப் புரியவைக்க ஒரு ஆள் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று, புது ஊரில் மொழி தெரியாமல் அரசாங்க ஆபீஸ் வாசலில் நின்ற யாருக்கும் விளங்கும்.

கேஸ் ஜெயித்த சேதி பரவியது. கிராமம் கிராமமாக வந்து பெயர் கொடுத்தார்கள். ஏழே வருடத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கத்தோலிக்கர் ஆனார்கள். பழைய பார்வே பகுதியில் (இன்றைய கும்லா மாவட்டத்தின் சைன்பூர் பக்கம்) கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

இதற்கு எதிர்ப்பும் வலுவாக இருந்தது. குடிகளைத் தூண்டிவிடுகிறார் என்று ஜமீன்தார்கள் குற்றம் சாட்டினார்கள். ஆங்கிலேய அதிகாரிகளில் பலருக்கும் அதே எண்ணம்தான். நிலத்துக்காக வந்தவர்கள் நம்பிக்கையில் நிலைப்பார்களா என்ற சந்தேகம் சபைக்குள்ளேயே இருந்தது. அது நியாயமான சந்தேகம்தான், பலர் பிறகு விட்டுவிட்டுப் போகவும் செய்தார்கள். லீவன்ஸுக்குக் காசநோய் வந்தது. 1892-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பியவர் 1893 நவம்பர் 7-ல் பெல்ஜியத்தின் லூவனில் இறந்தார். வயது 37. அவர் எச்சங்களை நூறு வருடம் கழித்து, 1993-ல், ராஞ்சிக்குக் கொண்டுவந்து புனித மரியா பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, "அரிசிக்கு மாறினார்கள்" என்பது பாதிக்கதைகூட இல்லை. அரிசி விளையும் நிலத்துக்காக மாறினார்கள் என்றால் ஓரளவு பொருந்தும். அது மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. வழக்கெல்லாம் முடிந்து தலைமுறைகள் போன பிறகும் அதிலேயே இருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்களே!

அம்பு எய்தவரும் சட்டம் எழுதியவரும்

அடுத்து வந்தவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன். ஜெர்மானியர், 1857-ல் பிறந்தவர், அதே சேசு சபை. சர்வதா என்ற முண்டா கிராமத்து மிஷனில் இருந்தார். முண்டாரி மொழியை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து 1903-ல் ஒரு இலக்கண நூல் வெளியிட்டார்.

அதற்கு முன்பே ஒரு பெரும்புயல் அடித்து ஓய்ந்திருந்தது. 1899 டிசம்பரில் பிர்சா முண்டாவின் 'உல்குலான்' கிளர்ச்சி. பிர்சா சிறு வயதில் சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தவர். மிஷனரிகளும் சர்க்காரும் ஒரே தொப்பிதான் என்று வெறுத்து வெளியேறியவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவருடைய ஆட்கள் பல இடங்களில் அம்பு எய்தார்கள். சர்வதா மிஷன் வளாகமும் தப்பவில்லை. பிர்சா பிடிபட்டு 1900 ஜூன் 9-ல் ராஞ்சி ஜெயிலில் இறந்தார். 25 வயதுகூட முழுதாக ஆகவில்லை.

ஹாஃப்மனுக்குப் பிர்சாவின் கிளர்ச்சி பிடிக்கவில்லை. ஆனால் அதன் வேர் நிலப் பிரச்சினைதான், அதைத் தீர்க்காமல் அமைதி வராது என்பதில் தெளிவாக இருந்தார். லிஸ்டர் என்ற அதிகாரியோடு சேர்ந்து முண்டா நாட்டின் நில முறை பற்றி ஒரு விரிவான குறிப்பு தயாரித்தார். கூண்ட்கட்டி என்றால் என்ன, அது ஏன் சாதாரணக் குத்தகை அல்ல, எப்படி அது பறிபோகிறது என்பதை அரசுக்குப் புரியும் மொழியில் வைத்த குறிப்பு அது. 1908 சட்டம் கூண்ட்கட்டி உரிமையை அங்கீகரித்தது. வெட்டி வேலைக்குக் கடிவாளம் போட்டது. நிலம் கைமாறுவதைத் தடுத்தது.

இந்தச் சட்டம் யாரால் வந்தது என்று இங்கே இன்றும் வாக்குவாதம் நடக்கும். பிர்சாவின் ரத்தத்தால் என்பார் ஒருவர், ஹாஃப்மனின் பேனாவால் என்பார் மற்றவர். என்னைக் கேட்டால், அம்பு பாயாமல் இருந்திருந்தால் சர்க்கார் பேனாவைத் திரும்பியே பார்த்திருக்காது. பேனா இல்லாமல் இருந்திருந்தால் அம்புக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் போலீஸ் வந்திருக்கும். அம்பு எய்த பக்கமும் அம்புக்குத் தப்பிய பக்கமும் சேர்ந்து ஒரு சட்டத்துக்குக் காரணமானது சரித்திரத்தின் வினோதம்.

கடன் புத்தகமும் நெல் களஞ்சியமும்

சட்டம் வந்தால் மட்டும் போதாது என்பது ஹாஃப்மனுக்குத் தெரிந்திருந்தது. பஞ்ச காலத்தில் விதைநெல்லுக்கு வட்டிக்காரனிடம் போனால் சட்டத்தில் இருக்கும் நிலம் நடைமுறையில் போய்விடும். எனவே 1909-ல் சோட்டா நாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்து விவசாயிகளுக்காக உருவாக்கிய முறைதான் மாதிரி. ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கிளைகள், ஒருவருக்கொருவர் ஜாமீன். கூடவே நெல் களஞ்சியங்கள். அறுவடையில் கொஞ்சம் போட்டு வை, விதைப்புக் காலத்தில் எடுத்துக்கொள், அடுத்த அறுவடையில் சிறிது கூடுதலாகத் திருப்பிக் கொடு.

இந்த ரைஃபைசன் முறைக்கு இந்தியாவில் வழி திறந்ததில் நம் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 1904-ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஒரு சங்கம் பதிவானது. ஐந்து வருடத்தில் அதே யோசனை ராஞ்சியின் மலைக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஹாஃப்மன் ஜெர்மானியர், எனவே எதிரி நாட்டவர். 1915-ல் இந்தியாவை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு 60-ஐ நெருங்கும் வயது. ஊருக்குப் போயும் மனிதர் சும்மா இருக்கவில்லை. முண்டாக்களின் சொற்கள், பழக்கவழக்கங்கள், பாட்டு, பயிர், சடங்கு அனைத்தையும் 'என்சைக்ளோபீடியா முண்டாரிகா' என்ற பெயரில் எழுதிக்கொண்டே இருந்தார். 1928-ல் இறந்தார். முதல் தொகுதி அச்சாகி வந்தது 1930-ல். பிறகு தொகுதி தொகுதியாக வந்துகொண்டே இருந்தது. நம் தமிழுக்கு 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். ஆனால் அவருக்கு முன்னால் நிகண்டுகளின் நெடும் வரிசை இருந்தது. முண்டாரிக்கு எழுத்தே இல்லாதிருந்தது. குடுக் மொழிக்கும் இதே சபையின் கிரிக்னார்ட் 1924-ல் இலக்கணமும் அகராதியும் கொண்டுவந்தார்.

நான்கு பெண்கள்

சாதாரணமாக மிஷன் வரலாறு என்றால் தாடி வைத்த வெள்ளைக்கார ஆண்களின் படம்தான் வரும். இங்கே அதைவிட முக்கியமான ஒன்று 1897 ஜூலை 26-ல் நடந்தது. பெர்னதெத் கிஸ்போட்டா என்ற உராவ் இளம்பெண்ணும் மூன்று தோழிகளும் சேர்ந்து ராஞ்சியில் புனித அன்னாள் புதல்வியர் சபையைத் தொடங்கினார்கள். லொரேட்டோ கன்னியரிடம் படித்த பெண்கள். கல்யாணம் வேண்டாம், துறவியாகப் போகிறோம் என்று சொன்னபோது வீட்டில் பெரும் ரகளை. பெண்ணுக்குக் கல்யாணம் செய்யாமல் வைத்திருப்பது என்பது அந்தச் சமூகம் கேள்விப்படாத விஷயம்.

அவர்கள் உறுதியாக நின்றார்கள். பழங்குடிப் பெண்களே தொடங்கி, பழங்குடிப் பெண்களே நடத்திய சபை அது. கிராமத்துப் பள்ளி, மருந்தகம் என்று அந்தச் சபை பரவியது. இன்று ஜார்க்கண்டின் எந்த மூலைக்குப் போனாலும் அவர்களைப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துப் பெண்கள் நம் ஊர் மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழியின் முதல் வாசல்களில் ஒன்று இதுதான்.

1951-ல் நிகோலஸ் குஜூர் ராஞ்சியின் ஆயரானார், முதல் பழங்குடி ஆயர். 2003-ல் சைன்பூர் பக்கத்து உராவ் ஒருவரே, டெலஸ்போர் டோப்போ, கர்தினால் ஆனார். 2023-ல் காலமானார்.

கணக்கின் இன்னொரு பக்கம்

எல்லாம் நல்லதே நடந்தது என்று முடித்துவிட்டால் அது வரலாறாகாது.

1918-ல் சேசு சபையினர் நடத்திய கத்தோலிக்கத் தொழிலாளர் நிலையம் வழியாகச் சோட்டா நாக்பூரிலிருந்து ஆட்களை அந்தமானுக்குக் காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு இழுத்துப் போன புரோக்கர்களைவிட இது ஒழுங்கான ஏற்பாடு என்பது பாதிரியார்களின் எண்ணமாக இருந்திருக்கலாம். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தமானில் அவர்களை 'ராஞ்சி' என்றே அழைக்கிறார்கள். முண்டா, உராவ், காடியா என்ற தனித்தனிப் பெயர்கள் எல்லாம் ஒரு ஊர்ப் பெயருக்குள் அடங்கிவிட்டன. வடக்கே எங்கு போனாலும் நமக்கெல்லாம் 'மதராசி' என்று ஒரே பெயர் கிடைத்தது போலத்தான். போர்ட் பிளேரில் தமிழர்களும் ராஞ்சிகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்திருக்கிறார்கள், இருவரும் பிழைக்க வந்தவர்கள்.

சமய விஷயத்திலும் ஒரு வடு இருக்கிறது. சால மரத் தோப்பில் வழிபடும் சர்னா மக்கள், மாறியவர்கள் படிப்பிலும் வேலையிலும் முன்னே போய்விட்டதாகவும், பழைய வழிபாட்டை மிஷனரிகள் பேய் வழிபாடு என்று இழிவுபடுத்தியதாகவும் வருந்துவது பொய்யல்ல. ஒரே குலத்தில் அண்ணன் சர்னா, தம்பி கிறிஸ்தவன். சில வீடுகளில் கர்மா பண்டிகைக்குச் சேர்ந்து ஆடுகிறார்கள், சில வீடுகளில் பேச்சுவார்த்தையே இல்லை.

அதே சபை, நம்மூர்க்காரர்

பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களில் கடைசித் தலைமுறையின் பெரிய பெயர் காமில் புல்கே. 1935-ல் வந்தவர். ராமகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அலகாபாத்தில் இந்தியிலேயே ஆய்வேடு எழுதினார். நம் கம்பனும் அதில் உண்டு. 1968-ல் அவர் வெளியிட்ட ஆங்கில-இந்தி அகராதி இங்குள்ள வீடுகளில் இன்றும் இருக்கும். 1974-ல் பத்மபூஷண், 1982-ல் மறைவு. ராஞ்சி சேவியர் கல்லூரியில் இந்தி, சமஸ்கிருதத் துறைத் தலைவராக இருந்தவர். 2018-ல் அவர் எச்சங்களையும் டெல்லியிலிருந்து அந்தக் கல்லூரிக்கே கொண்டுவந்தார்கள்.

பிறகு வெளிநாட்டவர் வருவது நின்றது. ஆனால் வெளியூர்க்காரர் வருவது நிற்கவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்த ஸ்டான் சுவாமி அதே சேசு சபையில் சேர்ந்து, சிங்பூம் பக்கத்து ஹோ மக்களோடு வாழ்ந்து, பின்னாளில் ராஞ்சி நாம்கும்மில் 'பகைச்சா' என்ற மையத்தை நடத்தினார். நிலம் கையகப்படுத்துதல், விசாரணைக் கைதிகளாகவே வருடக்கணக்கில் ஜெயிலில் கிடக்கும் பழங்குடி இளைஞர்கள், இவைதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்கள். 2016-ல் மாநில அரசு சி.என்.டி. சட்டத்தைத் திருத்த மசோதா நிறைவேற்றியபோது ஜார்க்கண்ட் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் அப்போதைய ஆளுநர் திரௌபதி முர்மு அதைத் திருப்பி அனுப்பினார். பழங்குடி மகளான அவர் 2022-ல் குடியரசுத் தலைவர் ஆனார்.

ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபர் 8-ல் பீமா கோரேகான் வழக்கில் என்.ஐ.ஏ. கைது செய்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். வயது 83, பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடிக்க முடியாத கையால் நீர் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஜாமீன் மனு நிலுவையில் இருந்தபோதே 2021 ஜூலை 5-ல் மும்பை மருத்துவமனையில் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்கள் நம்மவர்களிலேயே நிறையப் பேர், அது அவரவர் பார்வை. ஆனால் லீவன்ஸ் தோர்பாவில் கையில் எடுத்த அதே நிலக் கேள்வியை 130 வருடம் கழித்து எடுத்தவர் ஒரு திருச்சிக்காரர் என்பதையாவது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

இந்தப் பக்கம் உருக்கு ஆலை, எச்.இ.சி., சுரங்கம் என்று நம்மவர்கள் வேலைக்கு வந்தது பெரும்பாலும் 1950-களுக்குப் பிறகு. நாம் குடியிருந்த குவார்ட்டர்ஸ் பலவும் யாரோ ஒரு குலம் காட்டை வெட்டி ஆக்கிய ஊரின் மேல் நிற்பவை. சசன்திரிக் கற்களைப் பார்க்க வேண்டுமானால் கூண்டி பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள், கல் மேல் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அது அவர்கள் தாத்தா, பாட்டி. அவர்களுக்கு அதுதான் பட்டாவும்.